பழைய ஊரில் விருந்தினர்

வரலாற்றுப் புகழ் வாய்ந்த நகரொன்றுக்குச் செல்லும் பயணி, அந்நகருக்கு ஏதேனும் கடமைப்பட்டவனா? கட்டணம் செலுத்தினோம், கண்டோம், திரும்பினோம் என்பதோடு அவன் கணக்குத் தீர்ந்துவிடுமா? பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளோடு மலாக்காவுக்குப் புறப்படும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழராகிய நாம், இவ்வினாவை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் நலம்.

பயணத்துக்கான வழிகள் எளியவை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தார் சென்ட்ரல் நிலையத்தில் தொடர்வண்டி ஏறி, பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கினால், தென்பகுதி ஒருங்கிணைந்த பேருந்து முனையம் அருகிலேயே உள்ளது. கிள்ளானிலிருந்து வருவோர் கொமுட்டர் வண்டியில் சென்ட்ரலுக்கு வந்து மாற வேண்டும். அங்கிருந்து மலாக்கா ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சாலை நெரிசலின்றி இருப்பின் இரண்டு மணி நேரப் பயணம். மலாக்கா சென்ட்ரலில் இறங்கி, நகரப் பேருந்தில் பழைய நகரை அடையலாம். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை கூடும்; அமைதியாகக் காண விரும்புவோர் வார நாள்களைத் தேர்ந்து கொள்க. வெயில் ஏறுமுன் புனித பவுல் குன்றின் படிகளை ஏறி இறங்கிவிடுதல் நன்று. எளிதில் கழற்றக்கூடிய காலணியும், தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையும் வேண்டும்.

இவ்வறிவுரைகளைச் சற்றே ஆராய்ந்தால், அவற்றுள் அறமும் அடங்கியிருப்பது புலனாகும். பொற்கொல்லர் தெருவையே எடுத்துக்கொள்வோம். 1748ஆம் ஆண்டில் இந்திய முசுலிம் வணிகர் எழுப்பிய பள்ளிவாசலும், 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயமும் அங்கே அண்டை வீடுகள் போல் நிற்கின்றன. சற்றுத் தள்ளிச் சீனரின் செங் ஹூன் தெங் கோயில் இருக்கின்றது. இம்மூன்றும் காட்சிக்கூடங்கள் அல்ல. இன்றும் வழிபாடு நடைபெறும் இடங்கள். பிறர் தொழும் இடத்தில் காலணியைக் கழற்றும்போது, ‘இது என் வீடன்று; நான் இங்கு விருந்தினன்’ என்று ஒப்புக்கொள்கின்றோம். பயணியின் அறம் இவ்வொப்புதலில்தான் தொடங்குகின்றது.

மலாக்கா உரிமையாளராக வந்தோரைப் பலமுறை கண்ட நகரம். 1511இல் போர்த்துகீசியர் வென்றனர். 1641இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1824ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் வசமாயிற்று. போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் இன்று ஒரு வாயில் மட்டுமே எஞ்சியுள்ளது. தொலைவிலுள்ள ஏதென்சு நகரின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. அதன் பார்த்தினன் கோயிற் சிற்பங்களை எல்கின் பிரபு பெயர்த்தெடுத்தார். அவை 1816 முதல் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. இன்றைய பயணி சிற்பத்தைப் பெயர்ப்பதில்லை. ஆனால் வாயிலில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் முகத்தை, அவர் இசைவைக் கேளாமலே படம் பிடித்துச் செல்கின்றான். அளவு வேறாயினும், கேளாது கொள்ளும் மனம் ஒன்றே அன்றோ?

இம்மனம் நம்மவரிடமும் உண்டு. அதற்குச் சான்று மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலுள்ள செட்டிகள் கிராமம். சுல்தான்கள் காலத்தில் கடல் கடந்து வந்த தமிழ் வணிகர், உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். அவர்தம் வழிவந்தோர் மலாய் மொழி பேசுவர். பெண்டிர் கெபாயா அணிவர். எனினும் அவர்கள் சைவர். பொங்கலுக்கு முந்திய நாளில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் இடுவதை இன்றும் விடாது காத்து வருகின்றனர்.

அங்கே செல்லும் நம்மவருட் சிலர், “தமிழே தெரியாத நீங்கள் எப்படித் தமிழர்?” என்று நகைத்துக் கேட்பதுண்டு. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், மொழியை இழப்பது சிறிய இழப்பு என்று நான் ஒருபோதும் சொல்லேன். ஆயினும் துயரப்படுவது வேறு. பிறர் வாயிலில் நின்று தீர்ப்பளிப்பது வேறு. தாயகத்தோடு தொடர்பு அரிதாகிவிட்ட நிலையிலும், ஐந்து நூற்றாண்டுகளாக இறையையும் முன்னோரையும் மறவாதவர்கள் அவர்கள். தாயகம் வானூர்தியில் சில மணி நேரத் தொலைவிலும், தமிழ்ப்பள்ளி நடை தூரத்திலும் இருக்க, நம் இல்லங்களிலேயே உணவு மேசையில் தமிழ் ஒலிக்கின்றதா? இவ்வினாவுக்கு விடை கூறிய பின்னரே அவ்வினாவைக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

அவ்வாறாயின் வாய்மூடி வருவதுதான் பண்போ என வினவலாம். அன்று. உண்மையை அறிய விழைவோன் கேட்கத்தான் வேண்டும். “ஏன் இழந்தீர்கள்?” என்பதினும், “இத்தனை காலம் எவ்வாறு காத்தீர்கள்?” என்று கேட்பவனுக்கே கதவும் திறக்கும், நெஞ்சமும் திறக்கும். அவ்விடையில் நாம் கற்க வேண்டிய பாடமும் இருக்கும்.

ஆகவே மலாக்காவுக்குச் செல்வீர். காலையில் செல்வீர், நடந்து பார்ப்பீர், இசைவு பெற்றே படம் எடுப்பீர், அவ்வூரார் கடையில் உண்பீர். அங்கே பிறந்த துயரை அவ்வூரார்மீது சுமத்தாது இல்லத்திற்குக் கொண்டுவந்து, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதற்கும், அவனோடு தமிழில் உரையாடுவதற்கும் தூண்டுகோலாக்குவீர். பழைய ஊருக்குப் பயணி பட்ட கடன் அவ்வாறே தீரும்.