நின்ற பின்னும் காயும் உலை

“நிறுத்திவிட்டோம்” என்று சொல்வதோடு ஒருவனுடைய பொறுப்புத் தீர்ந்துவிடுகிறதா? அறநூலாரின் பழைய வினா இது. இன்று அணு உலை அதனை நம்முன் வைக்கிறது. பட்டிப்பொல மலையில் வாழும் நாம் இதனை அயலார் விவகாரமென்று ஒதுக்கிவிட முடியாது.

விறகை இழுத்தால் அடுப்பு அணையும். அணு உலை அவ்வாறன்று. கூடங்குளத்தின் ஓர் உலை தரும் வெப்பம் 3,000 மெகாவாட். அணுப்பிளவை நிறுத்திய கணத்திலும், பிளவிற் பிறந்த துண்டுகள் சிதைந்துகொண்டே இருப்பதால், ஏறக்குறைய 200 மெகாவாட் எஞ்சுகிறது; ஒரு நாள் சென்ற பின்னும் 15 மெகாவாட் அளவில் நிற்கிறது. 2011 மார்ச்சில் புக்குஷிமாவில் நிலம் நடுங்கியதும் உலைகள் முறைப்படியே நின்றன. ஆழிப்பேரலை வந்து, குளிர்நீரை ஓட்டும் மின்சாரத்தைப் பறித்தது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று.

உருகிய குழம்பு 2,000 பாகைக்கும் மேற்பட்ட வெம்மையுடையது. தண்ணீரைக் கொட்டினால் ஆறாதா? எளிதில் ஆறாது. அதன் மேற்புறம் பொருக்குக் கட்டும். அப்பொருக்கே போர்வையாகி உள்வெப்பத்தைக் காக்கும். காய்ந்த தோசைக்கல்லில் நீர்த்துளி உருண்டோடுவதை யாவரும் கண்டிருக்கிறோம். இடையே ஆவிப்படலம் நிற்பதால் நீர் கல்லைத் தொடுவதில்லை. குழம்பைத் தாங்கும் உருக்குக் கலத்தை வெளியிலிருந்து குளிர்விக்கும்போதும் இது நேரலாம். நேர்ந்தால் சுவர் உருகும். 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவில் கலம் தாங்கிற்று. 1986இல் செர்னோபில்லில் குழம்பு கீழறைகளுக்கு வழிந்தது.

கூடங்குள உலைகளின் அடியில் அக்குழம்பை ஏந்துவதற்கென்றே ஒரு தொட்டி அமைத்திருக்கிறார்கள். பொறியியலாரின் நேர்மைக்கு அது சான்று என்போம். உருகவே உருகாதென்று நம்பியவர் அதைக் கட்டியிருக்க மாட்டார். (மேடைகளில் பேசியவர்கள் வேறு ஆட்கள்.) இடிந்தகரை மீனவர் 2011இலும் 2012இலும் ஐயம் எழுப்பியபோது, மறுமொழியாக ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது.

அந்த மின்சாரத்தில் பட்டிப்பொலவில் ஒரு விளக்கும் எரிவதில்லை. ஆனால் மலை, மேகத்தை மறித்து மழையைக் கறப்பது. மழையோடு எது வந்தாலும் ஏற்றுக்கொள்வது. செர்னோபில்லின் துகள் அவ்வாறே வேல்ஸ் மலைகளில் இறங்கியது. அங்கு மேய்ந்த ஆடுகளை விற்பதற்கு விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. இரண்டுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல். அம்பேவெலப் பசுக்களும் நமது மரக்கறிப் பாத்திகளும் கூடங்குளத்திலிருந்து 400 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அவற்றைப் பேணும் தொழிலாளிக்கு அம்முடிவில் என்ன இடம் இருந்தது?