பக்கக் காற்று

ஆடி மாதத்தில் தனுஷ்கோடிச் சாலையில் ஓடப்போகிறோம் என்றால், காற்றைப் பற்றிய செய்தி முந்தின நாளே வந்துவிடும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை என்பார் ஒருவர். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று கேட்பார் இன்னொருவர். மீனவர்களுக்கென்று 2016இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியை யாராவது வைத்திருப்பார்கள். கடலுக்குள் போகிறவர்களின் உயிருக்காகச் சொல்லப்படும் செய்தி அது. கரையில் காலைநேரத்தில் ஓடிவிட்டு இட்லி சாப்பிடப் போகும் எங்களுக்கும் அதில் ஒரு வரி இருக்கிறது.

கூண்டு ஏறியிருந்தால் எங்களை ஏற்றிப்போகும் வேன் கிளம்பாது. அதில் எங்கள் குழுவில் வாதமே கிடையாது.

*

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். போய்த் திரும்பினால் பத்தொன்பது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு நல்ல லாங் ரன். சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் மணலிலும் சேற்றிலும் வேன்கள் தள்ளாடிப் போன வழி இது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, வளைவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் நீரிணை. ஊர்க்காரர்களுக்கு ஒன்று ஆண்கடல், மற்றது பெண்கடல். ஆடியில் ஆண்கடல் பாறைக்கல் அடுக்கிய கரையை அறைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வாடை பிறந்த பிறகு முறை மாறும்.

வரைபடத்தில் பார்த்தால் இந்த நிலத்துண்டு தென்கிழக்கு நோக்கி நீள்கிறது. கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. மார்கழியின் வாடை வடகிழக்கிலிருந்து. அதாவது ஆண்டின் இரண்டு பெருங்காற்றுகளும் இந்தச் சாலைக்குக் குறுக்கேதான் அடிக்கின்றன. முகத்துக்கு நேராக வரும் காற்றோ, முதுகில் கைவைத்துத் தள்ளும் காற்றோ இங்கே அபூர்வம்.

வேறு கடற்கரைகளில் ஓடிப் பழகியவர்கள் இதைக் கேட்டதும், பக்கக் காற்றுதானே, பரவாயில்லை என்பார்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் வரைதான் அப்படிச் சொல்ல முடியும்.

*

காற்று தரும் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆறு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓடுகிறவரின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளிலும் அவர் உடல்மீது 10 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. அது அவரே உண்டாக்கிக்கொள்வது. எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் உடல் சந்திப்பது 50. எதிர்ப்பு 25 மடங்காகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். தள்ளும் வேகம் 30தான், அதனால் விசை 9 பங்குதான். இழந்ததில் பாதிகூடத் திரும்பக் கிடைக்காது.

சரியாகப் பக்கவாட்டில் அடித்தாலோ கணக்கு வேறுவிதம். எதிர்ப்பு காற்றில்லாத நாளைப்போல் சுமார் நான்கு மடங்கு. 25 மடங்கோடு ஒப்பிட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் போகும்போதும் நான்கு, வரும்போதும் நான்கு. எந்தத் திசையில் ஓடினாலும் கடன்தான், வரவே இல்லை. இதற்குமேல், இடுப்பிலும் தோளிலும் விழும் பக்கத் தள்ளல் தனி. வலக்காலைத் தூக்கும் கணத்தில் காற்று உங்களை இடக்காலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வைக்கப் பார்க்கும். ஒவ்வோர் அடியும் ஒரு சின்னத் திருத்தம். மறுநாள் தொடையின் முன்பக்கம் வலிக்காது. இடுப்பின் ஓரமும் கணுக்காலின் வெளிப்பக்கமும் வலிக்கும். சமதளத்தில் ஓடிவிட்டு அந்த இடங்கள் வலிப்பது பலருக்குப் புதிது.

*

குழுவாக ஓடுவதன் பலனே ஒருவர் பின்னால் ஒருவர் ஒண்டிக்கொள்வது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எதிர்க்காற்றில் அது உண்மை. 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் வல்லுநராகச் சென்ற கிரிஃபித் பியூ, 1971இல் ஓட்டக்காரர்களைக் காற்று வீசும் அறைக்குள் ஓடவைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். நடுத்தர தூரப் போட்டிகளின் வேகத்தில் ஒருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் காற்றெதிர்ப்பில் சுமார் 80 விழுக்காடு குறைந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. 2019இல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது அவரைச் சுற்றி வேக ஓட்டக்காரர்கள் அணிவகுத்து ஓடியதும் இதற்காகத்தான்.

தனுஷ்கோடிச் சாலையில் ஆடியில் இந்த வித்தை பலிக்காது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் பாருங்கள், காற்று அப்படியே விலாவில் அடிக்கும். அவர் மறைக்கும் காற்று அவருக்குப் பின்னால் இல்லை. அவருக்கு இடப்பக்கத்தில், சற்றே பின்தள்ளி இருக்கிறது. ஒரு மீட்டர் இடப்பக்கம் என்றால் ஓரடிக்கும் குறைவாகப் பின்னால். அந்த இடத்தில் நுழைந்த கணத்தில் காதிலிருந்த இரைச்சல் குறையும். சட்டை படபடப்பது நிற்கும். ஒரு மூச்சு முழுதாக உள்ளே போகும்.

ஆக, இந்தக் காற்றில் ஒருவரைப் பின்தொடர்வதால் பயனில்லை. பக்கத்தில்தான் ஓட வேண்டும், தோளுக்குத் தோள். காற்று வரும் பக்கம் நிற்பவர் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பார். அவர் முகம் சுருங்குவது தெரியும், தலையைச் சாய்ப்பது தெரியும். முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடும்போது இது எதுவும் தெரியாது. யாருடைய செலவில் நமக்கு இந்தச் சுகம் என்பது கண்ணெதிரே இருக்கும்போது, அதிகநேரம் அந்தப் பக்கத்திலேயே இருக்க மனசு வராது.

"சார், நீங்க உள்ள வாங்க. நான் கடல் பக்கம் போறேன்" என்று கல்லூரித் தம்பி ஒருவன் எங்கள் பி.டி. சாரிடம் சொல்வான். பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் அவர். முதலில் கேட்காததுபோல ஓடுவார். அடுத்த கல் வரும்போது ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிடுவார். கொஞ்ச தூரத்தில் அவரே வெளியே போய், குழுவில் இருக்கும் செவிலியர் அக்காவுக்கு மறைப்பாக நிற்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது என்று ஒரு காலத்தில் விசில் வைத்துப் பார்த்தோம். விசில் காற்றில் கேட்கவில்லை. அதன்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே மாறிக்கொள்கிறோம், அதுவே போதுமாக இருக்கிறது.

*

வண்டிகளுக்கு எதிர்முகமாக, அதாவது சாலையின் வலப்புறம் ஓடுவதுதான் பத்திரம். போகும்போது காற்று வரும் பக்கமும் அதுதான். காற்றை ஏற்பவர் சாலையோரக் கல்லை ஒட்டிப் போவார். மறைப்பில் இருப்பவர் தாரின்மேல். ஒரு வீச்சு பலமாக வந்தால் இருவரும் சாலையின் நடுவுக்கு நகர்வார்கள். அதனால் எதிரே வண்டி தெரிந்ததும் இணை கலைந்து ஒற்றை வரிசை. அந்த அரை நிமிடத்துக்கு எல்லோரும் காற்றில்.

திரும்பும்போது வலப்புறம் என்பது பெண்கடல் ஓரம். இப்போது காற்றை ஏற்பவர் தாரின்மேல் இருப்பார். காற்றும் அவருக்கு, வண்டியும் அவருக்கு. பின்னால் வரும் வேனின் ஹாரன் கச்சானில் காதில் விழவே விழாது. இந்தப் பாதியில் அந்த இடத்தைப் புதியவர்களுக்குக் கொடுப்பதில்லை.

*

மணல் முழங்காலுக்குக் கீழேதான் ஓடும். காற்று தூக்கும் மணற்பருக்கை பறப்பதில்லை, துள்ளுகிறது. விழும் இடத்தில் இன்னொரு பருக்கையைக் கிளப்பிவிடுகிறது. பெரும்பகுதி தரையை ஒட்டியே நகர்கிறது. ரால்ஃப் பாக்னோல்ட் பாலைவனத்தில் இதைக் கண்டு 1941இல் புத்தகமாக எழுதினார். கெண்டைக்காலில் ஊசி குத்துவதுபோல உணர்பவர் அதைப் படிக்காமலே ஒப்புக்கொள்வார். நீளக் காலுறை போடுவது நல்லது. கண்ணாடியும்.

வியர்வை தெரியாது. தோலில் வந்தவுடன் காற்று எடுத்துக்கொண்டுவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். தாகமில்லை என்று நினைப்போம். நெற்றியைத் தடவினால் உப்பு சொரசொரக்கும், அதில் பாதி கடலுடையது, பாதி நம்முடையது. இந்தச் சாலையில் தாகத்தை நம்பாமல் நேரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கடிகாரத்தை அதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். "தம்பி, வாட்ச்சைப் பாக்காத, மூச்சைப் பாரு" என்பார் பி.டி. சார். காற்று நாளில் தாளில் எழுதிய பேஸைப் பிடித்துத் தொங்குகிற பயிற்சி தவறு என்றே நானும் நினைக்கிறேன். உடல் செய்யும் வேலை மாறிவிட்டது. எண் மட்டும் மாறக்கூடாது என்றால் எப்படி? மூன்று வார்த்தை சேர்ந்தாற்போலச் சொல்ல முடிகிற வேகம், அதுதான் அன்றைய வேகம். அந்த மூன்று வார்த்தை பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காவிட்டாலும் சரி.

*

பேச முடியாமல் போவதைப் பற்றி. மற்ற ஞாயிறுகளில் எங்கள் குழு நிறையப் பேசும். மகள் கல்யாணம், வட்டி, மாற்றல், முழங்கால். கச்சான் அடிக்கும் நாளில் வாயைத் திறந்தால் வார்த்தை பெண்கடலுக்குப் போய்விடுகிறது. முதலில் சங்கடமாக இருக்கும், கோபத்தில் இருப்பவர்களோடு ஓடுவதுபோல. நான்கு கிலோமீட்டர் ஆனதும் அந்தச் சங்கடம் போய்விடும். காலடிச் சத்தமும் இல்லை, மூச்சுச் சத்தமும் இல்லை. ஒரே இரைச்சல், ஒரே அளவில். அதற்குள் இருக்கும்போது மனம் எதையும் தொடங்குவதில்லை. எண்ணம் வருகிறது, முடிக்காமல் போகிறது. தியானப் பயிற்சி என்று உட்கார்ந்து நான் தேடியதைவிட இது எனக்கு எளிதாகவே கிடைத்திருக்கிறது. அருகில் ஒரு தோள் இருப்பது அதற்குத் தடையாக இல்லை. அந்தத் தோள் இல்லாவிட்டால் காற்றோடு சண்டை போடுவதிலேயே மனம் போயிருக்கும்.

*

ஐந்தாவது கிலோமீட்டரில் பழைய தனுஷ்கோடி. கூரையில்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டியின் தூண்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலின் காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அதன்பிறகும் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். இன்றும் அவர்கள் பிள்ளைகள் சாலையோரத்தில் நின்று எங்களுக்குக் கையசைக்கிறார்கள்.

நாங்கள் இன்று 40 கிலோமீட்டர் காற்றில் தலைசாய்த்து ஓடுகிறோம். 280 என்பது அதைப்போல் ஏழு மடங்கு. விசை வர்க்கத்தில் ஏறும் என்பதால் 49 மடங்கு. இந்தக் கணக்கை அந்தச் சுவர்களுக்கு அருகில் ஓடும்போது, இடுப்பில் காற்று மோதிக்கொண்டிருக்கும்போது போட்டுப் பார்த்தவருக்கு அந்த இரவு கொஞ்சம் விளங்கும். முழுதாக விளங்காது. அந்த இடத்தில் எங்கள் குழுவில் யாரும் நின்று படம் எடுப்பதில்லை.

*

காற்றை மறைத்துக் கொடுப்பதற்கு வெளியூர்க் கதையும் ஒன்று உண்டு. 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் மழையும் எதிர்க்காற்றும் சேர்ந்து அடித்தன. அமெரிக்க ஓட்டக்காரர் டெஸ் லிண்டனுக்குத் தொடக்கத்திலேயே உடல் ஒத்துழைக்கவில்லை. விலகிவிடுவோம் என்றே நினைத்தார். எப்படியும் விலகப்போகிறோம், அதற்குள் உனக்கு உதவி வேண்டுமானால் காற்றை மறைத்துத் தருகிறேன் என்ற பொருளில் சக வீராங்கனை ஷலேன் ஃபிளானகனிடம் சொன்னார். ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது லிண்டன் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மீண்டும் முன்னணிக் கூட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தார். கடைசியில் 2 மணி 39 நிமிடம் 54 நொடியில் லிண்டனே வென்றார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே வென்ற அமெரிக்கப் பெண் அவர். உதவியதால்தான் வென்றார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன்னைப் பற்றி யோசிப்பதை அவர் சில மைல்கள் நிறுத்திவைத்தார், அந்த நேரத்தில் கால்கள் தாமாகத் தேறிக்கொண்டன. காற்றை ஏற்கும் பக்கத்தில் நின்றவர்கள் இதை நம்புவார்கள்.

*

ஆடியில் இந்தச் சாலைக்கு ஓட வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கூண்டு ஏறிய நாளில் வராதீர்கள். சூரியன் ஏறும் முன் முடிக்கப் பாருங்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அரிச்சல்முனையில் எவ்வளவு வியர்த்திருந்தாலும் கடலில் இறங்காதீர்கள், அங்கே நீரோட்டம் பலமானது, எச்சரிக்கைப் பலகை விளையாட்டுக்கு வைத்ததல்ல. போகும்போது வலப்பக்கத்தையும் வரும்போது இடப்பக்கத்தையும் குழுவில் பலமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை வந்திருப்பவர் தானாகக் கேட்கமாட்டார். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் அந்தப் பக்கம் போய்விடுங்கள்.