சுட்டறிவும் சுட்டிறந்த நிலையும்

உயிர் அறிவுடைப்பொருள் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. அங்ஙனமாயின், அஃது எல்லாவற்றையும் ஒருங்கே அறியாது, ஒன்றனை அறியுங்கால் மற்றொன்றனை விடுத்து, 'இஃது' எனவும் 'அஃது' எனவும் கூறுபடுத்தியே அறிதல் என்னை? கூறுபடுத்தறியும் மனத்தையுடைய உயிர் முழுமையைத் தலைப்படுமாறு யாங்ஙனம்? இவ்வினா நூலாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று, நூல் கற்றாரது ஒழுக்கத்திற்கும் உரியது. இதனை யாம் காலந்தாழ்த்தே உணர்ந்தேமாதலின், ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றேம்.

உயிர் இயல்பிலே வியாபகமுடையது. அநாதியே ஆணவமலம் மறைத்து நிற்றலின் அவ்வியாபகம் விளங்காதாயிற்று. அம்மறைப்பினைச் சிறிதளவேனும் விலக்குதற்பொருட்டு, இறைவன் கலை, வித்தை, அராகம் முதலிய தத்துவங்களையும், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கினையும் மாயையினின்றும் கூட்டி உதவினான். நள்ளிருளில் இல்லத்துட் பொருள் தேடுவானுக்குக் கைவிளக்கு உதவுமாறு போல இவை உதவுகின்றன. விளக்கொளி பட்ட இடம் தோன்றும், படாத இடம் தோன்றாது. அவ்வாறு ஓரிடத்தையே பற்றி அறிதலின் அவ்வறிவு ஏகதேச அறிவு எனவும், சுட்டறிவு எனவும் பெயர் பெறும். ஆகவே மனம் நமக்குப் பகையன்று, விடியுங்காறும் துணையாக அருளப்பட்ட விளக்கேயாம். விளக்கினை ஞாயிறெனக் கொள்வதே பிழை.

இப்பிழை நேருமாறு சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரத்தால் விளங்கும். சுட்டி அறியப்படுவன எல்லாம் அசத்து. ஒருவாற்றானும் அறியப்படாதது இன்மைப்பொருள். சிவம் இவ்விரண்டனுள் ஒன்றாகாது. எனவே சிவத்தையும் ஏனைப்பொருள்போல மனத்தாற் சுட்டி 'இதுவே சிவம்' என அறிந்துவிட்டேம் என்பார், தாம் வகுத்த கூறொன்றனையே கண்டாராவர். காண்பான் ஒருவன், காணப்படும் பொருள் ஒன்று என நின்ற பிரிவு அங்கே சிறிதும் நீங்கிற்றில்லை.

அற்றேல், மனத்தை அடக்கி ஒன்றும் எண்ணாது நின்றாற் பிரிவு நீங்குமே எனின், நீங்காது. ஆழ்ந்த உறக்கத்தே 'யான்' என்பதும் 'எனது' என்பதும் தோன்றுவதில்லை. விழித்தெழுந்தவுடன் அவை முன்போலவே எழுகின்றன. கேவலத்தில் உள்ள இன்மை இருளால் ஆயது. சுத்தத்தில் உள்ள ஒருமை ஒளியால் ஆயது. இரண்டிடத்தும் சுட்டு இல்லாமை ஒக்குமாயினும், அவை தம்முள் ஒவ்வா. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினதாதலின், மனத்தை வெறிதே நிறுத்துதலாற் பயனின்று. சார்பு மாறுதலே வேண்டப்படும்.

இனி, அருளைச் சார்ந்து நின்றவிடத்து உயிர் தன்னை இழந்து சிவமேயாய் ஒழியுமோ எனின், அதுவும் அன்று. கண் கதிரொளியோடு கலந்து நின்றே காண்கின்றது. அப்போது 'இது கண்ணின் ஒளி, இது கதிரின் ஒளி' எனப் பிரித்தல் இயலாது. ஆயினும் கண் கதிராவதில்லை. இவ்வாறு பொருளால் இரண்டாயினும் கலப்பினால் இரண்டன்றி நிற்றலே அத்துவிதம் என நம் ஆசிரியர் கொள்வர்.

பிறிதொரு தடை எழும். பிரித்தறியும் அறிவு கடக்கப்படின், மெய்யும் பொய்யும் நன்றும் தீதும் வேறறியப்படாமற் போமே என்பது அது. இதற்கு விடை நூலிலன்றி வரலாற்றிலேயே உளது. சகலாகம பண்டிதர் என்னும் பெருங்கல்வியாளர், சிறுபிள்ளையாராகிய மெய்கண்டாரை அடைந்து, ஆணவத்தின் வடிவு யாது என வினவினார். மெய்கண்டார் விடையாக ஒன்றும் மொழியாது, வினவினாரையே அடிமுதல் முடிவரை நோக்கினார். அந்நோக்கினாற் செருக்கு அழிந்து அடிவீழ்ந்தவரே நம் அருணந்தி சிவாசாரியர். அவர் பின்னர்ப் பேசாது ஒடுங்கினாரல்லர். சிவஞானசித்தியார் பரபக்கத்திற் பதினான்கு மதங்களை எடுத்து மறுத்தார். எனவே ஒழிந்தது பிரித்தறியும் ஆற்றலன்று, அவ்வாற்றலை 'என்னுடையது' எனப் பற்றிய முனைப்பே என்பது பெறப்படும். பிரித்தறிதல் வேறு, பிரிந்து நிற்றல் வேறு.

எம் அநுபவம் ஒன்றனை ஈண்டுக் கூறுதல் மிகையாகாது. பல்லாண்டுகட்கு முன்னர், குருபூசைப் பேரவை ஒன்றில், ஒரு சொல்லின் பொருள் குறித்து எம்மினும் மூத்த புலவர் ஒருவரோடு வாதிட்டேம். எம் கோளே நிலைபெற்றது, அவையோரும் பாராட்டினர். அன்று மாலை சந்நிதியில் நின்றேம். தீபாராதனை நிகழ்ந்தது. எம் கண் திருமேனிமேல் இருந்ததேயன்றி, நெஞ்சமோ அவர் கூற்றினுள் விடுபட்ட குற்றமொன்றனைக் கண்டு, அதற்கும் மறுப்புத் தொடுத்துக்கொண்டிருந்தது. அருகே அப்புலவர் தேவாரம் ஓதிக் கண்ணீர் வார நின்றார். சொல்லின் பொருளை யாம் வென்றேம். அச்சொல் சுட்டிய பொருளை அவர் எய்தி நின்றார். ஆணவத்தின் வடிவு யாது என அன்று எம்மை யாரேனும் வினவியிருப்பின், எம்மையே காட்டியிருத்தல் சாலும். மறுநாள் அவரை நாடிச் சென்று வணங்கினேம். எம் பொருள்கோளை யாம் விட்டேமில்லை. அவரும் தம் கோளை விட்டாரில்லை. இடையே நின்ற சுவர் மட்டும் வீழ்ந்தது.

சார்பு மாறுதற்கு வழி யாதெனின், ஆசிரியர் அதனையும் வைத்தே போயினர். ஒன்பதாஞ் சூத்திரம் பசுஞான பாசஞானங்களால் உணரப்படாத பதியைப் பதிஞானத்தால் நாடுமாறு கூறித் திருவைந்தெழுத்தினை விதிக்கின்றது. பத்தாவது, இறைபணியில் வழுவாது நிற்குமாறு பணிக்கின்றது. பன்னிரண்டாவதும் இறுதியதுமாகிய சூத்திரமோ, ஞானம் எய்தினாரும் அடியாரோடு கூடி, அவர்தம் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு ஓதுகின்றது. சுட்டிறந்தார்க்கு முடிவாக வைத்த ஒழுக்கம் தனித்திருத்தலன்று, கூடியிருத்தல் என்பது நோக்கத்தக்கது. யாரோடும் கூடமாட்டாத நெஞ்சம் இறைவனோடு கூடிற்று என்றல் நம்பத்தக்கதன்று.

ஆதலாற் கற்றோராகிய நாம், நாடோறும் நம்மையே வினவுதற்குரியது ஒன்றுண்டு. இன்று யாம் கற்றது எத்துணை என்பதன்று அது. யாம் கற்ற கல்வியால் எவரிடத்து எமக்குப் பிரிவு மிக்கது, எவரிடத்து அன்பு மிக்கது என்பதேயாம். விளக்கு நன்கு எரிக. அதனைத் தூண்டுதலும் நம் கடனே. விடிந்தபின்னும் அதனையே கையிற் பற்றி, ஞாயிற்றைத் தேடி அலைதல் மட்டும் வேண்டா.

திருச்சிற்றம்பலம்.