கரும்புக்காட்டில் இரண்டு தொட்டில்கள்

காட்டு விலங்குகளைப் பற்றிய கண்காட்சிகளில் புலி, சிறுத்தைப் படங்களுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம் சேரும். இரவில் தானியங்கிக் கேமராவில் பதிவான சிறுத்தையின் கண்களைப் பார்த்து மனம் இளகாதவர் குறைவு. “இவற்றோடு சேர்ந்து வாழ நாம் பழகிக்கொள்ள வேண்டும்” என்று சொல்லியபடி வெளியே வருகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் அதில் வரும் ‘நாம்’ யார்?

மேற்கு மகாராஷ்டிரத்தின் ஜுன்னர், அகோலே வட்டாரங்கள் இந்தக் கேள்விக்கு உரைகல். அணைப்பாசனம் வந்தபின் அங்கே கரும்பு பரவியது. ஆளை மறைக்கும் கரும்புக்குள் சிறுத்தைகள் ஒண்டின. அங்கேயே குட்டி போட்டன. அகோலேயின் வயல்வெளியில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள் இருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஊர்நாய்களே அவற்றின் முக்கிய இரை. பெரும்பாலான இரவுகளில் மனிதரும் சிறுத்தையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் விலகிப் போகிறார்கள். எப்போதோ ஓர் இரவு அப்படிக் கழிவதில்லை. அன்று ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறது.

‘பிடித்துக் காட்டில் விட்டுவிடுங்கள்’ என்ற குரல் அப்போது எழுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அந்தக் குரலை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அந்த வழி ஜுன்னரில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டது. 2001 முதல் சிறுத்தைகளைப் பிடித்து, சராசரியாக 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் தாக்கப்பட்ட பகுதியில், அதன்பின் 17 பேர் தாக்கப்பட்டதாக வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் எழுதினார்கள். கொண்டுபோய் விட்ட இடங்களுக்கு அருகிலேயே தாக்குதல் கூடியது. ஓர் ஊரின் அச்சத்தைப் பெயர்த்து இன்னோர் ஊரின் வாசலில் இறக்கிவைப்பது தீர்வாகாது, அறமும் ஆகாது.

அப்படியானால் பொறுத்துக்கொள்வதுதான் வழியா? வார்லி பழங்குடியினர் வாகோபா என்ற புலித்தெய்வத்தைக் கல்லிலும் மரத்திலும் செதுக்கி வழிபடுகிறார்கள். இதைக் காட்டி, ‘அவர்களுக்குச் சேர்ந்து வாழத் தெரியும்’ என்று நகரத்தார் நெகிழ்வது எளிது. அந்த வழிபாட்டுக்குள்ளே, எங்களையும் எங்கள் ஆடுமாடுகளையும் காப்பாற்று என்ற வேண்டுதல் இருக்கிறது. பக்தி இருப்பதாலேயே பயம் இல்லை என்றாகாது.

பொறுமையின் சுமை யார் தோளில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாசன மோட்டாருக்கு இரவில்தான் மின்சாரம் வரும் என்றால், உழவர் இருட்டில்தான் வயலுக்குள் இறங்க வேண்டும். பீட் மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து கரும்பு வெட்ட வருபவர்கள் வயலோரக் குடிசைகளில் தங்குகிறார்கள். கதவில்லை, கழிப்பறையில்லை. வெட்டும்போது சிறுத்தைக்குட்டிகள் தென்பட்டால் வனத்துறையினர் பத்திரமாக எடுத்து, இரவில் அதே இடத்தில் பெட்டியில் வைக்கிறார்கள். தாய் வந்து கவ்விச் செல்கிறது. போற்றத்தக்க செயல். அதே வயலோரத்தில் தூளியில் உறங்கும் கூலித்தொழிலாளியின் குழந்தைக்கும் அந்த அளவு கவனம் கிடைக்க வேண்டாமா?

சிறுத்தைக்கு நன்மை தீமை தெரியாது. ஆகவே அதன்மேல் குற்றம் சுமத்த முடியாது. நன்மை தீமை தெரிந்தவர்கள் மனிதர்கள். ஆகவே கடமையும் அவர்களுடையதே. பகல்நேர மின்சாரம், கதவுள்ள தங்குமிடம், கழிப்பறை, அலைக்கழிக்காமல் கைக்கு வரும் இழப்பீடு ஆகியவை சிறுத்தையைக் காப்பாற்றும் செலவில் சேர்ந்தவை. இவற்றை மறுத்துவிட்டுச் சகிப்புத்தன்மையைப் போதிப்பது, அடுத்தவர் பிள்ளையைப் பணயம் வைத்துப் புண்ணியம் தேடுவதாகும்.

அதனால் சிறுத்தையின் படத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் குடிசையின் படமும் மாட்டப்பட வேண்டும். கண்காட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து குடிக்கும் தேநீரில் கரையும் சர்க்கரை, சிறுத்தை குட்டி போட்ட வயலிலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த இனிப்பில் பங்குள்ள எல்லோருக்கும் வயலோரத்து இருட்டிலும் பங்கு உண்டு. அந்தப் பங்கை ஏற்றுக்கொண்டவர் ‘நாம்’ என்று சொல்லட்டும். அப்போது அந்தச் சொல் உண்மையாகும்.