கூலிக்கும் ஆண் பெண் உண்டோ?



வெங்காய நடுகைக் காலத்தில் ஒரு காலை வேளை நம் தோட்டங்களின் பக்கம் சென்று பாருங்கள். ஒரே தறையில், ஒரே வெயிலில், ஆணும் பெண்ணும் குனிந்து நின்று பாடுபடுவர். பொழுது சாய்ந்து கூலி கொடுக்கும் நேரம் வந்ததும் ஆண்கூலி ஒன்று, பெண்கூலி வேறொன்று என்றாகிவிடும். ஏன் என்று கேட்டால், "அது வழக்கம்தானே, சுவாமி" என்பர். வழக்கம் நியாயத்துக்கு ஈடாகுமா? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

இவ்வழக்கம் ஒரு காலத்தில் சட்டமாகவும் இருந்தது. மலையகத் தோட்டங்களுக்கு 1927ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிலும் குறைந்த கூலி, பிள்ளைக்கு அதனிலும் குறைந்த கூலி என வகுக்கப்பட்டது. இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித் தந்த கொழுந்தைப் பறித்தவை பெரும்பாலும் பெண்களின் விரல்களே. ஆயினும், 1984ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னரே அவர்களுக்குச் சமகூலி கிடைத்தது. சமமான பெறுமதியுள்ள வேலைக்குச் சமமான ஊதியம் வேண்டுமெனச் சர்வதேசத் தொழில் தாபனம் 1951இல் வகுத்த 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணின் கையில் அந்த ஏற்பு இன்னும் காசாக விழவில்லை.

இவ்வேற்றுமைக்குக் காட்டப்படும் நியாயங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

முதலாவது, "ஆணின் வேலை பாரமானது" என்பது. மண்வெட்டி பிடித்துக் கொத்துவது பாரமான வேலைதான். அதற்கெனத் தனிக்கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் காலை தொடக்கம் மாலை வரை முதுகு நிமிராமல் புல்லுப் பிடுங்குவது இலகுவான வேலையா? மேலும், இருவரும் ஒரே வேலையைச் செய்யும் நாளிலும் கூலி வேறுபடுகிறதே! அப்படியாயின் நாம் அளப்பது வேலையின் பாரத்தையல்ல, ஆளையே.

இரண்டாவது, "ஆண்மகன் குடும்பத்தைத் தாங்குபவன்" என்பது. இங்கே திருச்சபையின் போதனையையே சிலர் துணைக்கு அழைப்பர். குடும்பத்தைக் காப்பாற்றப் போதிய ஊதியம் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டுமெனத் திருச்சபை கற்பித்தது உண்மை. ஆனால் அது எவருடைய ஊதியத்தையும் குறைப்பதற்குக் கொடுத்த அனுமதியல்ல. குடும்பத் தேவையே அளவுகோல் என்றால், போரில் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு, மணமாகாத இளைஞனிலும் பார்க்கக் கூடுதலாக அல்லவா கொடுக்க வேண்டும்? அப்படி எவரும் கொடுப்பதில்லை. ஆகவே அந்த நியாயத்தைச் சொல்பவர்களே அதை நம்புவதில்லை.

மூன்றாவது, "அவள் சம்மதித்துத்தானே வருகிறாள்" என்பது. இதற்குப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தமது சுற்றுமடலில் விடை கூறிவிட்டார். வயிற்றுக் கொடுமையினால் குறைந்த கூலிக்கு இணங்குபவன் வலுக்கட்டாயத்துக்கு ஆளானவன். அவ்விணக்கம் அநீதியை நீதியாக்காது என்பது அவர் போதனையின் சாரம். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் பெண்களுக்கு எழுதிய மடலில் சமவேலைக்குச் சமஊதியத்தை வற்புறுத்தினார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பொதுச் சந்திப்பொன்றில் இவ்வேற்றுமையை இடறல் என்றே கண்டித்தார்.

பிறரை மட்டும் குற்றஞ்சாட்ட எனக்கு உரிமையில்லை. நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஆலய மதில் கட்டும் வேலை நடைபெற்றது. மேசன்மாருக்குச் சீமெந்துக் கலவை சுமந்தவர்களுள் ஆண்களும் இருந்தனர், பெண்களும் இருந்தனர். கூலிப் பட்டியலில் இரு தொகைகள் எழுதப்பட்டிருந்தன. வாரந்தோறும் நான் கையொப்பமிட்டேன். ஒருநாள் அவர்களுள் ஒரு விதவைத் தாய், கோபமின்றி, சிரித்தபடியே சொன்னார்: "திருவிழாக் காசு மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒண்டுதானே, சுவாமி!"

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த வாரம் தொடக்கம் கூலியைச் சமப்படுத்தினோம். ஆனால் கழிந்த வாரங்களின் குறையை நான் ஈடுசெய்யவில்லை. கொடாது பிடித்த கூலி இறைவனின் செவிகளில் கூக்குரலிடும் என்று யாகப்பர் தமது திருமுகத்தில் எழுதுகிறார். அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தாயின் சிரிப்பு என் நினைவுக்கு வருகிறது.

"எனக்குரியதை என் விருப்பப்படி கொடுப்பேன்" என்று வாதிடும் சிலர், திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் உவமையைக் காட்டுவதுண்டு. அந்த எசமானன் தன் உரிமையைப் பயன்படுத்தியது எதற்காக? கடைசியாக வந்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுப்பதற்காக! எவருக்கும் ஒரு சதமேனும் குறைப்பதற்காக அல்ல.

சிறு தோட்டக்காரனின் கஷ்டத்தையும் நான் அறியாதவன் அல்லன். வெங்காய விலை விழுந்தால் அவன் வீட்டிலும் அடுப்பெரியாது. ஆனால் ஏழையின் நட்டத்தை அவனிலும் ஏழையான ஒருத்தி மட்டும் தனித்துச் சுமக்க வேண்டுமென்பது எவ்வாறு நீதியாகும்? நட்டத்தைப் பங்கிட வேண்டுமாயின் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடட்டும்.

ஆகவே, வாசகர்களே, இவ்வாரம் ஓர் ஆன்ம சோதனை செய்வோம். கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் தங்கள் கணக்குக் கொப்பியைத் திறந்து பார்க்கட்டும். பங்குச் சபைகள் தங்கள் முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கொடுப்பது சம்பளமா, சேவை என்ற பெயரால் கொடுக்கும் கைச்செலவா என்று கேட்டுக்கொள்ளட்டும். மனைவியின் கூலியைத் தாமே வாங்கிச் செலவழிக்கும் கணவன்மார், அந்தக் காசு யாருடைய வியர்வை என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

குணசாலியான பெண்ணைப் புகழும் நீதிமொழிகள் ஆகமத்தின் கடைசி அதிகாரத்தை நாம் திருமண மறையுரைகளில் விரும்பிக் கேட்கிறோம். அதன் கடைசி வசனம் வெறும் புகழுரையோடு நின்றுவிடவில்லை. அவளுடைய கைகளின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்று கட்டளையிடுகிறது. புகழ்ச்சியை நாம் தாராளமாகக் கொடுத்துவிட்டோம். கொடாது வைத்திருப்பது கூலியின் மீதியையே.