உங்கள் லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது?

தியானிக்க: மத்தேயு 25:1-13, நியாயாதிபதிகள் 16:20, உபாகமம் 22:8



இந்த மாதச் செய்தியை வாசிக்குமுன்பு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பர்ஸை எடுங்கள். அதில் இருக்கிற டூவீலர் லைசென்ஸை வெளியே எடுத்து, செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். "பாஸ்டர், இது என்ன ஆவிக்குரிய செய்தி?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். சபை வாசலில் ஞாயிறுதோறும் நிற்கிற இத்தனை வண்டிகளில் எத்தனை பேருடைய தேதி முடிந்துபோய்விட்டதோ, அவர்களுக்கே தெரியாது!

1. முடிந்துபோனது தெரியாமலே ஓடுகிற ஆபத்து

சிம்சோனைக் கவனியுங்கள். தூக்கத்திலே அவன் தலைமயிர் போயிற்று. சத்தம் கேட்டு எழுந்தவன், நேற்றுப் போலவே இன்றும் எல்லாரையும் உதறித்தள்ளிவிடலாம் என்று நினைத்தான். கை அதே கைதான், கால் அதே கால்தான். ஆனால் பலம் தந்தவர் அவனோடு இல்லை. அது அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் பரிதாபம்!

லைசென்ஸும் அப்படித்தான். தேதி முடிந்த மறுநாளும் வண்டி ஸ்டார்ட் ஆகும். கியர் விழும், பிரேக் பிடிக்கும். வண்டிக்கு எதுவும் தெரியாது. முன்பெல்லாம் லைசென்ஸ் கொடுத்தால் 20 வருஷம், அல்லது 50 வயது வரைக்கும் என்று இருந்தது. வாலிப வயதில் வாங்கினவர் அதை மறந்தே போனார். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரைக்கும். 30-லிருந்து 50-க்குள் என்றால் 10 வருஷம். 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரைக்கும். அதற்குமேல் ஐந்தைந்து வருஷம்தான். வயது ஏற ஏற, சீக்கிரம் சீக்கிரமாய்த் திரும்ப வந்து நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். முன்பு தேதி முடிந்த பிறகும் 30 நாள் லைசென்ஸ் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. அந்தத் திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். அநேகர் இன்னும் "ஒரு மாசம் டைம் இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை! முடிந்தால் முடிந்ததுதான். தேவபிள்ளையே, கிருபையின் காலத்தைக் குறித்தும் இப்படியே பழைய கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாயோ?

2. ஆயத்தப்பட ஒரு வருஷம்

பத்துக் கன்னிகைகளிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் தூங்கினார்கள். வித்தியாசம் எண்ணெயில் மாத்திரமே. ஐந்து பேர் முன்கூட்டியே வாங்கி வைத்தார்கள். மற்ற ஐந்து பேர் நடுராத்திரியில் கடைக்கு ஓடினார்கள். திரும்பி வரும்போது கதவு சாத்தியாயிற்று.

சட்டமும் நமக்கு முன்கூட்டியே நேரம் தருகிறது. தேதி முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்குள் புதுப்பிக்க இடம் உண்டு. ஆனால் அப்படித் தாமதித்தால் புதுப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. நடுவிலே ஓட்டின நாட்களெல்லாம் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டின நாட்களே. அதற்கு 5000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. ஒரு வருஷமும் தாண்டிவிட்டால் திரும்ப டெஸ்ட்! தலை நரைத்த மூப்பர், பேரன் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று எட்டு போட்டுக் காட்ட வேண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் கட்டும்போது, வண்டிச் சொந்தக்காரர் ஓட்டிப்போய் மரித்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று ஒரு பாதுகாப்பும் எடுக்கிறோமே, அது செல்லுபடியாகிற லைசென்ஸ் இருந்தால்தான். இல்லாவிட்டால் அந்தப் பணம் விதவையின் கைக்கு வராமல் போகலாம். எதிரே வந்தவருக்குக் காயம் என்றால், கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை நம்மிடமே வசூலிக்கும்படி தீர்ப்பு வருவதுண்டு. வீட்டை விற்றாலும் தீராத கடன்! ஒரு தேதியைப் பார்க்காததினால் பிள்ளைகள் தெருவில் நிற்கலாமா?

3. கையெழுத்துப் போடுமுன்பு உங்களைச் சோதித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான பகுதி. விண்ணப்பத்தோடு படிவம் 1 என்று ஒன்று உண்டு. நம் உடல்நிலையைப்பற்றி நாமே எழுதிக் கொடுக்கிற உறுதிமொழி. அதிலே கேள்விகள் இருக்கின்றன. வலிப்பு உண்டா? திடீர் மயக்கம், தலைசுற்றல் வருமா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கிற காரின் நம்பரை உன்னால் படிக்க முடியுமா? சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியுமா? மாலைக்கண் உண்டா? ஹாரன் சத்தம் கேட்குமா? கடைசியில், நீ ஓட்டுவதினால் மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடிய வேறு ஏதாவது வியாதி உண்டா என்றும் கேட்கிறது.

40 வயது தாண்டினவர்களுக்கு இதோடு படிவம் 1-ஏ. பதிவு பெற்ற டாக்டர் நம்மைச் சோதித்துப் பார்த்துத் தருகிற சான்றிதழ்.

இங்கேதான் சத்துரு வருகிறான். "நீங்க எதுக்கு சார் அலையுறீங்க? டாக்டர் சர்ட்டிபிகேட் நானே வாங்கித் தரேன், நீங்க வரவே வேணாம்" என்று ஒருவன் சொல்லுவான். நமக்கும் வசதியாய் இருக்கும். ஆனால் கண்ணைப் பார்க்காமலே கண் நன்றாயிருக்கிறது என்று எழுதின காகிதம் பொய்க் காகிதம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பரிசுத்தத்தைப் பாடிவிட்டு, திங்கட்கிழமை பொய்யின்மேல் கையெழுத்துப் போடலாமா?

ஈசாக்கு தேவ மனுஷன்தான். ஆனாலும் வயதானபோது கண் மங்கியது; எதிரே நிற்கிற மகன் யாரென்று தெரியவில்லை. ஏலியும் ஆசாரியன்தான், அவன் கண்ணும் மங்கியது. 120 வயதிலும் பார்வை குறையாத மோசேயைப்போல எல்லாரும் இருப்பதில்லை. கண் மங்குவது பாவம் அல்ல, பிரியமானவர்களே. மங்கினதை மறைத்து ரோட்டிலே இறங்குவதுதான் பாவம்.

கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு, எதிரே வருகிற லாரியின் லைட் வெளிச்சம் சிதறி, கண் கூசி, ஒன்றும் தெரியாமல் போகும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, சாப்பாடு தவறினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். உபவாச ஜெபத்திலிருந்தும், முழு இரவு ஜெபத்திலிருந்தும் தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுத்துக்கிட்டுப் போகிறவர்களே, உங்களுக்கும்தான் சொல்லுகிறேன். பின்னால் உங்கள் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் பிள்ளை நிற்கிறது. "கர்த்தர் பார்த்துக்குவார்" என்பது விசுவாசம். கண்ணை டாக்டரிடம் காட்டாமல் அப்படிச் சொல்லுவது தேவனைப் பரீட்சை பார்ப்பது.

புது வீடு கட்டினால் மாடியில் கைப்பிடிச் சுவர் வை, ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் எச்சரிக்கிறது. விழுகிறவன் யாரோ, பொறுப்போ வீட்டுக்காரனுக்கு! நம் கண்ணாடியும், நம் டாக்டர் சோதனையும்தான் ரோட்டிலே நாம் வைக்கிற கைப்பிடிச் சுவர்.

4. என்ன செய்யலாம்?

முதலாவது, தேதியைப் பார்த்து வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டாவது, பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று பாருங்கள். போன் நம்பர் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது, விண்ணப்பத்துக்கு முன்பே கண் சோதனை செய்து, தேவையானால் கண்ணாடி போடுங்கள். நான்காவது, டாக்டரிடம் நீங்களே நேரில் போங்கள். ஐந்தாவது, அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்கிற பகுதியில் விண்ணப்பிக்கலாம். தெரியாதவர்களுக்கு நம் சபை வாலிபர்கள் உதவி செய்யுங்கள், அதுவும் ஊழியமே! ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வரச் சொன்னால் அசல் ஆவணங்களோடு போங்கள். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். தேதி முடிந்துவிட்டதா? புதியது வரும்வரைக்கும் பஸ்ஸில் போங்கள். வெட்கப்படாதிருங்கள்.

டாக்டர், "ஐயா, இனி ராத்திரியில் ஓட்டாதீங்க" என்று சொன்னால் கீழ்ப்படியுங்கள். அப்படிப்பட்ட மூப்பரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து, வீட்டில் கொண்டுபோய் விடுவது சபையின் கடமை.

அன்பானவர்களே, லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கோ பத்து வருஷத்துக்கோ ஒருதரம் புதுப்பிக்கிறோம். நம் உள்ளான மனுஷனோ தினந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 4:16). நேற்றைய ஜெபம் இன்றைக்குப் போதாது. எப்போதோ வாங்கின ஞானஸ்நானத்தையும், எப்போதோ பெற்ற அபிஷேகத்தையும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களே, தேதியைப் பாருங்கள்! அங்கே புரோக்கர் இல்லை. உங்களுக்காக வேறொருவர் கையெழுத்துப் போட முடியாது. நீங்களே வர வேண்டும். இன்றைக்கே வர வேண்டும்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகத் தகப்பனே, எங்களைச் சோதித்துப் பாரும். மறைத்து வைத்திருக்கிற பலவீனங்களை ஒத்துக்கொள்ள எங்களுக்குத் தைரியம் தாரும். போகையிலும் வருகையிலும் எங்களையும், எங்களால் மற்றவர்களையும் காத்தருளும். எங்களைப் புதுப்பியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென். அல்லேலூயா!