ஒருதார மணம் இயல்பானதா?

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்த ஒரு பங்கில் கோடைக்காலப் பணிக்கு நாம் அனுப்பப்பட்டிருந்தோம். ஆகஸ்டு மாதத்து மூன்றாம் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குச் சென்றபோது கோவில் பாதி வெறுமையாய்க் கிடக்கக் கண்டு திகைத்தோம். “எல்லாரும் உட்வர்ட் சாலையில் இருப்பார்கள், ஃபாதர்” என்றார் கோவில் பணியாளர்.

1995ஆம் ஆண்டு முதல் அச்சாலையில் நடைபெற்று வரும் பழைய கார்களின் ஊர்வலத்தைப் பற்றி நாம் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஃபெர்ண்டேல் என்னும் சிற்றூரில் ஒரு கால்பந்துத் திடலுக்கு நிதி திரட்டத் தொடங்கிய முயற்சி, பாண்டியாக் நகர் வரை நீளும் பெருவிழாவாக வளர்ந்துவிட்டது. நம் ஊர்த் திருவிழாவில் தேர் வரும். மக்கள் இருமருங்கும் நிற்பர். அங்கும் அப்படியே, தேர்கள்தாம் ஆயிரக்கணக்கில்.

அவற்றுள் மிகுந்த ஆரவாரத்தோடு வரவேற்கப்படுபவை ‘மசில் கார்’ எனப்படும் வண்டிகள். நடுத்தர அளவுள்ள வண்டிக்குள் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலையில் விற்றவை அவை. 1964ஆம் ஆண்டுக்கென பாண்டியாக் நிறுவனம் வெளியிட்ட ஜி.டி.ஓ. என்னும் வண்டியையே அவ்வகையின் தொடக்கமாகப் பலரும் கொள்வர். நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பாண்டியாக் பொறியாளர்களோ 389 கன அங்குல எஞ்சினை, விரும்புவோர் தனியே பணம் கட்டிப் பெறும் பொருள்களின் பட்டியலில் சேர்த்து அவ்விதியை மெல்லத் தாண்டினர். (திருச்சபைச் சட்டம் பயின்ற நமக்கு இத்தகைய நுட்பங்கள் புதியன அல்ல.) முதலாண்டிலேயே 32,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. ஆனால் ஆரவாரம் நெடுநாள் நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது; 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடிவாளமிட்டது; 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974ஓடு ஜி.டி.ஓ. நின்றது. 2004இல் அப்பெயர் மீண்டும் வந்ததைப் பழைய அன்பர்கள் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பாண்டியாக் என்னும் பெயரே 2010இல் மறைந்து போயிற்று.

மறு ஆண்டும் அதே பங்குக்குச் சென்ற நம்மை அந்த ஊர்வலத்திற்கு அழைத்துச் சென்றவர், மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். திருப்பலியில் எப்போதும் கடைசி வரிசையில் அமர்பவர். 1969ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. ஒன்றை, அடித்தகடு துருப்பிடித்துக் கிடந்த நிலையில், ஓர் உழவரின் கொட்டகையிலிருந்து அவர் வாங்கியிருந்தார். அதன் சொந்த எஞ்சினை எவரோ கழற்றி விற்றிருந்தனர். வேறோர் எஞ்சினைப் பொருத்தியிருக்கலாம், அவர் உடன்படவில்லை. எஞ்சினில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு பொருந்தவேண்டும் என்பது அவ்வுலகத்தின் கட்டளை. அந்த ஒரே எஞ்சினைத் தேடிப் பதினோர் ஆண்டுகள் அலைந்து, ஒஹாயோ மாநிலத்தில் ஒருவரின் படகு நிறுத்தத்தில் கண்டெடுத்தாராம். சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

அவருக்கு மூன்று திருமணங்கள். மூன்றும் நிலைக்கவில்லை.

ஊர்வலம் முடிந்து திரும்புகையில் அவர் கேட்டார்: “ஒருத்தியோடு ஆயுள் முழுதும் என்பது இயற்கையா, ஃபாதர்? இயற்கையில் இல்லாத ஒன்றைத் திருச்சபை எங்கள் தலையில் சுமத்திவிட்டதா?” குதர்க்கமாகக் கேட்கவில்லை. பல நாள் சுமந்த கேள்வி என்பது தெரிந்தது. உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அதன்பின் தேடிப் படித்ததையும் எண்ணியதையும் வாசக அன்பர்களோடு இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

விலங்குகளிடம் சென்று கேட்டால் நமக்கு ஆறுதல் கிட்டாது. 2013இல் லூக்காஸ், கிளட்டன்-பிராக் என்னும் இரு அறிஞர் 2,500க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 9 விழுக்காட்டு இனங்களில்தான் ஆணும் பெண்ணும் இணையாய் வாழ்கின்றன எனக் கண்டனர். பறவைகளின் கதை வேறு. பத்தில் ஒன்பது இனங்கள் இணையாய்க் கூடு கட்டுகின்றன. எத்தனை மறையுரைகளில் புறாவையும் அன்றிலையும் துணைக்கு அழைத்திருக்கிறோம்! ஆனால் 1980களில் மரபணுச் சோதனை வந்தபின், ஒரே கூட்டின் குஞ்சுகளில் சில வேறொரு தந்தைக்குப் பிறந்தவை என்பது இனம் இனமாக வெளிப்பட்டது. கூட்டைப் பகிர்வது ஒன்று, பற்றுறுதி மற்றொன்று. அமெரிக்கப் புல்வெளியில் வாழும் ஒருவகை வயலெலி இணைபிரியாது வாழ்கிறது. மலையில் வாழும் அதன் உறவின எலி அவ்வாறு வாழ்வதில்லை. ஆக்சிடோசின் என்னும் சுரப்பே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதினர். அச்சுரப்பை ஏற்கும் திறன் நீக்கப்பட்ட புல்வெளி எலிகளும் இணைசேர்ந்தே வாழக் கண்டனர் 2023ஆம் ஆண்டின் ஆய்வாளர். எலியின் அன்பே இவ்வளவு எளிதில் பிடிபடவில்லை!

மனிதரிடம் வந்தாலும் முடிவு நமக்குச் சாதகமாய் இல்லை. மானிடவியலார் மர்டாக் தொகுத்த பட்டியலில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் ஆணுக்குப் பல மனைவியரை அனுமதித்தவை. எனினும் அச்சமூகங்களிலும் பெரும்பாலான ஆண்கள் ஒருத்தியோடுதான் வாழ்ந்தனர் என்பதையும் உடன் சொல்லவேண்டும். விவிலியமும் எதையும் மறைக்கவில்லை. சாலமோனின் எழுநூறு மனைவியரையும் முந்நூறு வைப்பாட்டியரையும் எண்ணிச் சொல்கிறது. அத்தகைய இல்லங்களில் சிந்திய கண்ணீரையும் அது மறைக்கவில்லை என்பதே நாம் பெரிதும் மதிப்பது. ஆகாரின் கண்ணீர், லேயாளின் கண்ணீர், பெனின்னாவின் ஏளனத்துக்கு ஆளான அன்னாவின் கண்ணீர். நம் பழந்தமிழ் அகப்பாடல்களும் பரத்தையிற் பிரிவை மருதத்திணையில் வைத்தன. திரும்பி வரும் தலைவனுக்கு வாயில் மறுத்து நிற்கும் தலைவியின் ஊடலையும் அங்கேயே வைத்தன. போனவனின் இயல்பு பாடப்பட்ட இடத்தில் இருந்தவளின் சினமும் பாடப்பட்டது.

மணவிலக்கு கூடாதென ஆண்டவர் உரைத்தபோது, அப்படியாயின் மணம் செய்யாதிருப்பதே நலம் என்று சீடர்களே மலைத்துப் போயினர். மத்தேயு நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் உள்ள இம்மலைப்பை நாம் மறையுரைகளில் விரைந்து கடந்துவிடுகிறோம். பற்றுறுதி தானாக வருவதாயின் அவர்கள் ஏன் மலைத்திருக்க வேண்டும்?

குருத்துவக் கல்லூரியில் தட்டுத்தடுமாறி இலத்தீனில் படித்த தூய தோமா அக்குவினாசிடம் மீண்டும் சென்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘சும்மா கோந்த்ரா ஜெந்தீலெஸ்’ நூலின் மூன்றாம் பகுதியில் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். வியப்பு என்னவெனில், அவரும் விலங்குகளிடமிருந்தே தொடங்குகிறார். தாய் மட்டுமே குட்டியைக் காக்கப் போதுமான இடத்தில், நாய்களிடம் போல, ஆண் நிற்பதில்லை. இருவர் உழைப்பும் வேண்டிய பறவைகளிடத்தில் ஆணும் நிற்கிறது. மனிதக் குழந்தைக்கு உணவு மட்டுமன்றிப் பல்லாண்டுக் கல்வியும் வேண்டும். ஆகவே தந்தை நிற்றல் தகும் என்கிறார். ஆயினும் அவர் அங்கு நின்றுவிடவில்லை. கணவன் மனைவியரிடையே உள்ளது நட்புகளுள் தலையாயது என்றும், நட்பு சமநிலையை வேண்டுவது என்றும், ஒருவனுக்குப் பல மனைவியர் உள்ள இடத்தில் அந்நட்பு அடிமைத்தனத்தின் சாயலைப் பெறுகிறது என்றும் கூறுகிறார். பெண்ணைப் பற்றி அவர் எழுதிய பிறவற்றில் இன்று நாம் ஏற்கவியலாதன உண்டு. இவ்விடத்தில் அவர் தம் காலத்தையும் கடந்து நின்றார் என்றே தோன்றுகிறது.

ஆக, இயல்பு என்னும் சொல்லில்தான் இடறல் உள்ளது. முயற்சியின்றி நிகழ்வது என்பது ஒரு பொருள். ஒன்றின் தன்மை எதில் முழுமை பெறுமோ அது என்பது மற்றொரு பொருள். பேச்சு மனிதனுக்கு இயல்பு. எனினும் எவரும் பேசிக் கேளாத குழந்தை பேசுவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதனால் ஒன்று இயல்பற்றதாகிவிடாது. வண்டிக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு நாம் வெற்றியோடு எழுந்திருக்கலாம். ஆயினும் நம்மை எழவிடாமல் அழுத்தும் நினைவு ஒன்று உண்டு.

உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த நாள்களில், மாலைச் செபமாலை முடிந்தபின் ஓர் அம்மா அறைவாயிலில் வந்து நின்றார். கணவர் பக்கத்து ஊரில் ‘சின்ன வீடு’ வைத்திருந்தார். ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பயனில்லாமல் நம்மிடம் வந்திருந்தார். அன்று நமக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. “ஆம்பிளைங்க இயல்பு அப்படிம்மா, நீங்க பொறுமையா இருந்து செபிச்சுக்கிட்டு வாங்க, திரும்பி வருவார்” என்றோம். இயற்கைச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த குரு சொன்ன விடை அது. அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கு மட்டும் இயற்கை இல்லீங்களா, சாமி?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் நமக்கு மாற்றல் வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இயற்கை என்று தொடங்கும் வாதம் யார் வாயிலிருந்து வருகிறது, யாருக்கு எதிராக வருகிறது என்று பார்க்கும் வழக்கம் அன்றே நமக்குள் தொடங்கியது. விட்டுச்செல்பவர் தம் இயல்பைப் பேசுவர். விடப்பட்டவரின் இயல்பு பற்றிப் பேச்சே எழாது. அந்த அம்மாவுக்கும் நாட்டம் இருந்திருக்கும், சலிப்பு இருந்திருக்கும். அவற்றை எவரும் இயற்கை எனப் பெயரிட்டு மன்னித்திருக்கமாட்டார்கள்.

மேலும், புதியதை நாடும் மனம் முழுதும் இயற்கையின் கொடைதானா என்பதும் ஐயத்திற்குரியது. அதற்கு டெட்ராய்ட் நகரமே சான்று. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், நன்றாய் ஓடும் வண்டியை மக்கள் ஏன் மாற்றவேண்டும் என்னும் சிக்கலுக்கு விடை கண்டார். ஆண்டுதோறும் உருவத்தை மாற்றினால் பழையது வெட்கத்துக்குரியதாகிவிடும். 1927இல் ஹார்லி ஏர்ல் என்பவரைக் கொண்டு இதற்கெனத் தனித்துறையே அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் விளக்கும் முகப்பும் இவ்வாண்டின் வண்டியை வீட்டுக்காரனுக்குக் கசக்கச் செய்ய வேண்டும் என்பதற்காகவே படித்தவர்கள் சம்பளம் வாங்கி வரைந்தனர். சலிப்பையும் தொழிற்சாலையில் செய்யலாம் போலும். மசில் கார்களும் அப்படி மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. சில ஆண்டுகளில் கழித்துக்கட்டப்பட வேண்டிய அவற்றை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிலர் பேணி வருகின்றனர். செய்தவன் வகுத்த இயல்புக்கு மாறாகவே அன்றோ அது நிகழ்கிறது?

இக்கருத்தை நம் பெரியவரிடம் சற்றுப் பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். ஓர் எஞ்சினுக்காகப் பதினோர் ஆண்டு அலைந்த உங்களுக்கா பற்றுறுதி இயற்கைக்கு மாறானது என்று கேட்டோம். நல்ல மறையுரை கிடைத்துவிட்டதென உள்ளூர மகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அவர் தலையை அசைத்தார். “வண்டி வேறு, ஃபாதர். 1969இல் எப்படி இருந்ததோ அப்படி அதைத் திரும்ப ஆக்கினேன்; ஆயிற்று. என் முதல் மனைவியும் மணநாளில் இருந்தபடியே இருக்கவேண்டும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் அப்படி இருக்கவில்லை. நானும் இருக்கவில்லை. வண்டி என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள்.”

நமது மறையுரை அங்கேயே கலைந்தது. அவர் கூறியது நாம் படித்த எதனினும் நுட்பமானது. பொருளிடம் காட்டும் பற்று, அதன் பழைய உருவத்துக்குக் காட்டும் பற்று. துரு வந்தால் தேய்க்கலாம், உடைந்தால் மாற்றலாம், முறைப்பாடு எழாது. மணமேடையில் கொடுக்கும் வாக்கோ இன்னும் யாரென்று தெரியாத ஒருவருக்குக் கொடுக்கப்படுகிறது. நாற்பது ஆண்டு கழித்து இருக்கப்போகும் அம்மனிதரை அன்று எவரும் கண்டதில்லை. நாம் மாறுவதை அவரும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருதாரத்தின் கடுமை வேறு பெண்கள் இருப்பதில் மட்டும் இல்லை. ஒரே ஒருவரின் கண்முன் இத்தனை ஆண்டு நிற்கவேண்டியிருப்பதிலும் இருக்கிறது. மணத்துறவிகளாகிய நமக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று சிலர் கேட்பர், நியாயமே. நமக்கு ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றல் வந்துவிடுகிறது. பங்கு மக்கள் நம்மை முழுதாகக் கண்டுகொள்ளுமுன் பெட்டியைக் கட்டிவிடுகிறோம்.

இயற்கையா என்ற கேள்விக்கு அன்று நாம் கூறியது இவ்வளவே: மூன்று முறையும் தோற்றது வருத்தமளிக்கிறது என்றால், நீங்கள் விரும்பியது மாற்றத்தை அன்று, வருத்தமும் மனித இயல்பைச் சேர்ந்ததுதான். அவர் மறுக்கவில்லை, ஏற்றதாகவும் தெரியவில்லை. முதல் மனைவி ஃபிளின்ட் நகரில் இருப்பதாகவும், கிறிஸ்து பிறப்புக்கு அட்டை அனுப்புவதுண்டு என்றும் மட்டும் சொன்னார்.

நாம் ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு அவரே அழைத்துச் சென்றார். பழைய வண்டியில் போகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். காலையில் வானம் இருண்டிருந்தது. வீட்டுவாசலில் நின்று மேலே பார்த்தவர், கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டுத் தம் சாதாரண வண்டியை எடுத்து வந்தார். அந்த ஜி.டி.ஓ.வை அவர் ஒருநாளும் மழையில் ஓட்டியதில்லையாம்.